கொல்லன் தெய்வமும் கொல்லுப் பட்டறைப் பையனும்

ஏதென்ஸ் நகரத்தில் கால் வைக்கிறவர்கள் யாரானாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பது அக்ரோபோலிஸ் மலையைத்தான். அதன் உச்சியில் பார்த்தினான் கோயில் நிற்கிறது. உலகப் புகழ் பெற்ற கோயில். ஆனால் அதற்குக் கூரை கிடையாது. 1687-ம் ஆண்டில் வெனிஸ் படையின் பீரங்கிக் குண்டு அதன்மேல் விழுந்தது. உள்ளே துருக்கியர் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. கோயிலின் நடுப்பகுதி சிதறிப் போயிற்று. மிச்சமிருந்த சிற்பங்களில் பாதியளவை எல்ஜின் என்ற பிரிட்டிஷ் பிரபு பெயர்த்தெடுத்து லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்.

நாம் சொல்ல வந்தது அந்தக் கோயிலைப் பற்றி அல்ல. அந்த மலையிலிருந்து கீழே இறங்கி வடமேற்கே போனால் அகோரா என்ற பழைய சந்தைத் திடல் இருக்கிறது. பண்டைய ஏதென்ஸ் மக்கள் வாங்கியதும் விற்றதும், வழக்காடியதும், அரசியல் பேசியதும் இந்தத் திடலில்தான். அதன் மேற்குக் கரையில் ஒரு சிறு குன்று. அந்தக் குன்றின் மேல் இன்னொரு கோயில். அதைப் பார்க்கத்தான் நாம் போனோம்.

பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வரும் ரயிலில் ஏறி, தீசியோ என்ற நிலையத்தில் இறங்கினோம். சிறிது தூரம் நடந்ததும் மரங்களுக்கிடையே கோயில் தெரிந்தது. பார்த்தவுடன் ஒரு நிமிஷம் திகைத்து நின்றோம். கட்டி முடித்து 2,400 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் தூண் எல்லாம் தன் இடத்தில் நிற்கிறது. முன்னும் பின்னும் ஆறாறு, பக்கத்துக்குப் பதின்மூன்று. மூலைத் தூண்களை இருமுறை எண்ணாமல் கணக்கிட்டால் மொத்தம் 34 தூண்கள். சுவர் நிற்கிறது. முகப்பு நிற்கிறது. மேலே கூரையும் இருக்கிறது. கிரேக்க தேசத்தில் இவ்வளவு முழுமையாக மிஞ்சியிருக்கும் பழைய கோயில் வேறெதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

நமக்குப் பக்கத்தில் ஒரு வழிகாட்டி தன்னோடு வந்த கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்ன ஆண்டில் தொடங்கியது, இன்ன பாணி, இன்ன சிற்பம் என்று பத்து நிமிஷத்தில் முடித்தார். கூட்டம் படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போயிற்று. அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டது அதிகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வியர்வை சிந்திய தெய்வம்

இந்தக் கோயில் யாருக்குக் கட்டியது? ஹெபைஸ்டஸ் என்ற தெய்வத்துக்கு. அவன் யார்? ஒரு கொல்லன்!

கிரேக்கப் புராணத்தில் தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. இடியை வீசுகிறவன் ஒருவன், கடலைக் கலக்குகிறவன் ஒருவன், யுத்தத்தைக் கிளப்புகிறவன் ஒருவன். விருந்து உண்பார்கள், சண்டை போடுவார்கள், ஒருவர் மேல் ஒருவர் பொறாமைப்படுவார்கள். இந்தக் கூட்டத்தில் பட்டறையில் நின்று கைவேலை செய்கிற ஆண் தெய்வம் ஹெபைஸ்டஸ் ஒருவன்தான். உலை, துருத்தி, சம்மட்டி, குறடு இவைதான் அவன் சொத்து. அவன் கால் ஊனமானவன். விண்ணுலகத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு லெம்னாஸ் தீவில் வந்து விழுந்தவன் என்று கதை. மற்றத் தெய்வங்கள் அவன் நடையைப் பார்த்துச் சிரித்தார்களாம். ஆனால் அவர்கள் வீட்டைக் கட்டியது அவன். அவர்கள் ஏந்திய ஆயுதத்தை அடித்துக் கொடுத்தது அவன். ஹோமரின் காவியத்தில் விருந்தாளி வந்திருக்கிறாள் என்று கேட்டதும், அவன் துருத்தியை நிறுத்தி, கருவிகளை எடுத்து வைத்து, முகத்திலும் கழுத்திலும் கையிலும் உள்ள வியர்வையைத் துடைத்துக்கொண்டு வருகிறான். வேலை முடிந்து சங்கு ஊதியதும் குழாயடிக்குப் போகிற தொழிலாளியை நாம் அறிவோம். அதே காட்சிதான்!

இந்தக் கோயிலில் அவனோடு அதேனா தேவிக்கும் சிலை இருந்தது. அவள் நகரத்தின் காவல் தெய்வம். நெசவுக்கும் கைத்தொழிலுக்கும் அவளே தெய்வம். ஆண்டுக்கொரு முறை, நமது ஐப்பசி வாக்கில், கால்கேயா என்ற திருவிழா நடந்தது. கொல்லர்களின் திருவிழா அது. அதே நாளில்தான் அதேனாவுக்குச் சாத்தும் ஆடையை நெய்யத் தறியில் பாவு பூட்டினார்கள். கொல்லனுக்கும் நெசவாளிக்கும் ஒரே திருநாள்!

தொழிலுக்கே கோயில் எடுத்த தேசமல்லவா, தொழிலாளியை எப்படித் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்குப் பதிலைக் கோயிலில் தேடினால் கிடைக்காது. கோயில் நிற்கும் குன்றிலும், கீழே தோண்டிய மண்ணிலும் தேட வேண்டும்.

கூலிக்கு நின்ற குன்று

முதலில் குன்று. அதற்குச் 'சந்தைக் குன்று' என்று பெயர். அதற்கு இன்னொரு பெயரும் உண்டு. 'கூலிக்காரர் குன்று'. பழைய கிரேக்க நூலாசிரியர்கள் இதற்குக் காரணமும் எழுதி வைத்திருக்கிறார்கள். நிலமில்லாதவன், பட்டறையில்லாதவன், கையும் காலும் தவிர வேறு முதல் இல்லாதவன் விடிந்ததும் இங்கே வந்து நிற்பான். ஆள் தேவைப்படுகிறவன் வந்து பார்த்து, பேரம் பேசி, அழைத்துக்கொண்டு போவான். அழைக்கப்படாதவன் வெறுங்கையோடு திரும்புவான்.

நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் எடுக்கும் முச்சந்தியில் விடியற்காலையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மில் வாசலில் இன்று பதிலி வேலை உண்டா என்று காத்து நின்றவர்களுக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குன்றின் தலையில்தான் இந்தப் பளிங்குக் கோயில் நிற்கிறது.

குன்றைச் சுற்றிலும் பட்டறைகள். தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் இங்கே வெண்கலம் வார்த்த குழிகளைத் தோண்டிக் கண்டிருக்கிறார்கள். தென்மேற்கே கல்தச்சர்களின் தெரு ஒன்று இருந்தது. திடலின் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டில் செருப்பு ஆணிகள் கொத்தாகக் கிடைத்தன. சைமன் என்று பெயர் கீறிய ஒரு கிண்ணத்தின் உடைந்த அடிப்பாகமும் அங்கே கிடைத்தது. சாக்ரடீஸ் சைமன் என்ற செருப்புத் தொழிலாளியின் கடையில் உட்கார்ந்து பேசுவார் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. இந்தக் கடைதான் அது என்று பலர் கருதுகிறார்கள். உலகம் போற்றும் கிரேக்கத் தத்துவம் அரண்மனையில் மட்டும் பிறந்ததல்ல; தோல் நாற்றத்துக்கும் ஆணி ஓசைக்கும் நடுவிலும் பிறந்தது!

கல்லில் எழுதிய கூலிக் கணக்கு

இனி, கோயில் எழும்பிய கதைக்கு வருவோம். கி.மு. 449 வாக்கில் வேலை தொடங்கியது. முடிந்தது கி.மு. 415 வாக்கில். இடையில் பல ஆண்டுகள் வேலை தூங்கிற்று. பெரிக்ளிஸ் தலைமையில் மலைமேல் பார்த்தினான் வேலை கி.மு. 447-ல் ஆரம்பமானதும் தொழிலாளர் பலரும் அங்கே இழுக்கப்பட்டார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

வேலை சாமானியமானதல்ல. பென்டெலிகான் என்ற மலையில் பளிங்கை வெட்டினார்கள். பாறையைச் சறுக்குக் கட்டையில் ஏற்றிச் சரிவில் இறக்கி, மாட்டு வண்டியில் பத்து மைல் தூரம் இழுத்து வந்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்து கிடையாது. மயிரிழை இடைவெளியில்லாமல் இழைத்து, இரும்புப் பட்டையால் கவ்வி, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்தார்கள். கொல்லன் தெய்வத்தின் கோயிலைக் கொல்லனின் இரும்புதான் உள்ளே மறைந்திருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. தூண் ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ்வரை வாய்க்கால் போல 20 குடைவுகள். 34 தூண்களுக்கு 680 குடைவுகள். அத்தனையும் உளியால் கொத்தி, தேய்த்து, ஒரே சீராக இறக்கியது மனிதக் கை.

அந்தக் கைக்கு என்ன கூலி? நல்லவேளையாக ஏதென்ஸ் மக்களுக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பொதுப் பணத்தில் செய்த வேலைக்குக் கணக்கைக் கல்லில் வெட்டி எல்லோரும் பார்க்கும் இடத்தில் நாட்டினார்கள். இந்தக் கோயிலின் இரண்டு வெண்கலச் சிலைகளுக்குச் செம்பும் வெள்ளீயமும் ஈயமும் வாங்கிய கணக்கு அப்படிக் கிடைத்திருக்கிறது. மலைமேல் உள்ள எரெக்தியான் என்ற கோயிலுக்கு, கி.மு. 409 முதல் 407 வரை கூலி கொடுத்த கணக்கே கிடைத்திருக்கிறது.

அந்தக் கல் என்ன சொல்கிறது? தேர்ந்த தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஒரு டிரக்மா. வேலையை மேற்பார்த்த கட்டடச் சிற்பிக்கும் நாளொன்றுக்கு அதே ஒரு டிரக்மாதான்! இன்னார் குடிமகன், இன்னார் அயலூரான், இன்னார் அடிமை என்று கூலியில் பேதமில்லை. இன்ன அந்தஸ்து என்று தெரிகிற 86 பேரில் குடிமக்கள் 24, குடியுரிமை இல்லாமல் நகரத்தில் குடியிருந்த அயலார் 42, அடிமைகள் 20.

சமக்கூலி! கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறதல்லவா? அவசரப்பட வேண்டாம். அதே கல்லை இன்னொரு முறை படிப்போம். ஒரு தூணுக்குக் குடைவு போட்ட குழுவில் சிமியாஸ் என்ற கல்தச்சன் இருக்கிறான். அவன் பக்கத்தில் சன்னியோன், எபியைகெஸ், சொசாந்த்ரோஸ் என்று மூன்று பேர். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் 'சிமியாஸுடையவன்' என்று எழுதியிருக்கிறது. அடிமைகள்! உளி பிடித்த கை நான்கு பேருடையது. கூலி வந்து சேர்ந்த பை ஒருவனுடையது. அடிமையின் பெயரில் எழுதிய டிரக்மா ஆண்டானின் மடிக்குப் போயிற்று. கணக்கில் சமத்துவம் இருந்தது, கையில் இல்லை.

வெள்ளி எங்கிருந்து வந்தது?

இவ்வளவு டிரக்மாவும் வெள்ளிக் காசு. வெள்ளி எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி, நேச நாடுகள் கட்டிய கப்பத்திலிருந்து வந்தது. பாரசீகரை எதிர்க்கச் சேர்த்த பொதுக் கருவூலத்தை ஏதென்ஸ் கி.மு. 454-ல் தன் ஊருக்கே கொண்டுவந்து விட்டது. இன்னொரு பகுதி, நகரத்துக்குத் தெற்கே லாரியான் சுரங்கங்களிலிருந்து வந்தது. அங்கே ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத வளைகளுக்குள் தவழ்ந்து சென்று, எண்ணெய் விளக்கின் புகையில் பாறையைக் கொத்தினார்கள். கொத்தியவர்கள் அடிமைகள்.

அந்தக் காலத்து ஏதென்ஸில் நிக்கியாஸ் என்று ஒரு பெரிய மனிதர். படைத்தலைவர், பக்திமான், தர்மவான் என்று பெயரெடுத்தவர். அவருக்கு 1,000 அடிமைகள் சுரங்கத்தில் இருந்தார்கள். அவர்களை ஒரு குத்தகைதாரனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல் வாடகை. எண்ணிக்கை குறையாமல் குத்தகைதாரன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. கருத்து என்ன? செத்தவனுக்குப் பதில் ஆள் வாங்கிப் போட வேண்டும் என்பதுதான்! ஆறு ஓபோல் ஒரு டிரக்மா. ஆக அந்தப் பெரிய மனிதருக்கு விரலை அசைக்காமல் நாளொன்றுக்கு 166 டிரக்மா. கோயிலில் உளி பிடித்தவன் அதைச் சம்பாதிக்க 166 நாள் கல்லோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அடிமைகள் என்ன நினைத்தார்கள்? அவர்கள் எழுதிய சரித்திரம் கிடையாது. ஆனால் அவர்கள் செய்த காரியத்தைத் தூசிடைடீஸ் என்ற சரித்திர ஆசிரியர் குறித்து வைத்திருக்கிறார். கி.மு. 413-ல் ஸ்பார்ட்டா படை ஏதென்ஸுக்குப் பக்கத்தில் கோட்டை பிடித்து உட்கார்ந்தது. தப்பி ஓட ஒரு வழி பிறந்தது. அதன்பின் 20,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் ஓடிப்போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கைத்தொழில் தெரிந்தவர்கள் என்கிறார் அவர். கொல்லன் தெய்வத்தின் கோயில் வேலை முடிந்து இரண்டொரு ஆண்டுதான் ஆகியிருக்கும்! கீழே தொழிலாளி நகரத்தை விட்டே ஓடிக்கொண்டிருந்தான். இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

வேலைக்கு வணக்கம், வேலைக்காரனுக்கு இகழ்ச்சி

தொழிலைக் கும்பிட்டவர்கள் தொழிலாளியை எப்படி நினைத்தார்கள் என்பதை அவர்களுடைய அறிவாளிகளே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். உலையடியில் உட்கார்ந்து வேலை செய்தால் உடல் கெடும், உடல் கெட்டால் ஆன்மாவும் பலவீனமாகும் என்றார் ஸெனபன். சிறந்த அரசில் கைத்தொழிலாளிக்குக் குடியுரிமை கொடுக்க மாட்டார்கள் என்றார் அரிஸ்டாட்டில். பின்னாளில் புளூட்டார்க் இன்னும் பச்சையாகச் சொன்னார்: ஒலிம்பியாவில் உள்ள ஜீயஸ் சிலையைப் பார்த்து வியக்கிற நல்ல குடும்பத்து இளைஞன் எவனும், அதைச் செதுக்கிய பிடியாஸ் ஆக வேண்டுமென்று ஆசைப்பட மாட்டானாம்! சிலை வேண்டும், சிற்பி வேண்டாம். சோறு வேண்டும், சேற்றில் இறங்கியவன் வேண்டாம்.

அரிஸ்டாட்டில் இன்னொன்றும் சொன்னார். மில் தொழிலாளி ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹோமர் கதையில் ஹெபைஸ்டஸ் செய்த முக்காலிகள் தாமாகவே உருண்டு தெய்வங்களின் சபைக்குப் போகுமாம். அதைச் சுட்டிக்காட்டி அவர் சொல்கிறார்: அதுபோல நாடா தானாகவே நெய்யுமானால், மேஸ்திரிக்கு உதவியாள் தேவைப்படாது, ஆண்டானுக்கு அடிமை தேவைப்படாது. அடிமைத்தனத்துக்கு நியாயம் கற்பித்த மனிதரின் வாயிலிருந்தே வந்த வார்த்தை இது. இயந்திரம் வந்தால் அடிமை வேண்டாம்!

இயந்திரம் வந்தது. 1785-ல் கார்ட்ரைட் என்பவர் விசைத்தறிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். நாடா தானாகவே ஓடிற்று. இன்றோ நாடாவே இல்லாமல், காற்றை ஊதி ஊடை நூலைச் செலுத்துகிற தறிகள் ஓடுகின்றன. அரிஸ்டாட்டில் கண்ட கனவு அவர் நினைத்ததற்கும் மேலே பலித்துவிட்டது. ஆனால் தறிக்காரனின் பாரம் தானாகவே இறங்கியதா? வேலை நேரம் தானாகவே குறைந்ததா? 1867-ல் வெளியான 'மூலதனம்' நூலில் மார்க்ஸ் இதே அரிஸ்டாட்டிலின் வார்த்தையை எடுத்து வைத்துத்தான், உழைப்பைக் குறைக்க வேண்டிய இயந்திரம் உழைப்பு நாளை நீட்டும் கருவியானதைக் காட்டினார். தெய்வத்தின் முக்காலி தானாக நடக்கலாம். ஆனால் எட்டு மணிநேர வேலை நாள் தானாக நடந்து வரவில்லை. தொழிலாளி போராடித்தான் அது வந்தது.

கோயில் எப்படித் தப்பியது?

இத்தனை யுத்தமும் நெருப்பும் பூகம்பமும் கண்ட நகரத்தில் இந்த ஒரு கோயில் மட்டும் எப்படி முழுசாகத் தப்பியது? தெய்வத்தின் மகிமை அல்ல. அதை ஜனங்கள் பயன்படுத்தினார்கள் என்பதே காரணம்.

பழைய வழிபாடு ஒழிந்து கிறிஸ்துவ மதம் பரவிய பிறகு, ஏழாம் நூற்றாண்டு வாக்கில் இது செயிண்ட் ஜார்ஜ் மாதா கோயில் ஆயிற்று. உள்ளறைக்கு மேலே வளைவுக் கூரை போட்டார்கள். ஓட்டை விழுந்தால் அடைத்தார்கள். துருக்கியர் ஆட்சியிலும் அது சர்ச்சாகவே இருந்தது. அந்த நாளில் 'சோம்பேறி ஜார்ஜ்' என்று அதற்கு ஒரு பட்டப் பெயர் வந்தது. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் அங்கே பூசை நடந்தது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். ஓயாமல் உழைத்த கொல்லனின் கோயிலுக்குச் சோம்பேறிப் பட்டம்! 1834-ல் கடைசிப் பூசை நடந்தது. பிறகு நூறு ஆண்டுக்காலம் அது பொருட்காட்சிச் சாலையாக இருந்தது. பயன்பட்டதால் பராமரித்தார்கள், பராமரித்ததால் நின்றது. பெயர் தெரியாத எத்தனையோ கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாகப் பூசிய பூச்சுதான் அதன் ஆயுள்.

கீழே உள்ள திடலின் கதை வேறு. 1931-ல் அமெரிக்க ஆராய்ச்சிக் கழகம் ஒன்று ராக்ஃபெல்லர் பணத்தைக் கொண்டு அங்கே தோண்டத் தொடங்கியது. அப்போது அந்த இடம் வெற்று நிலமல்ல. விரிசாக்கி என்ற பேட்டை. வீடும் கடையுமாக ஜனங்கள் வாழ்ந்த இடம். பழைய நகரத்தைக் காண்பதற்காக முந்நூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் இடிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் வேறிடம் போனார்கள். தோண்டியது வீண் என்று நாம் சொல்ல மாட்டோம். தோண்டியிராவிட்டால் செருப்புத் தொழிலாளியின் ஆணியும், வார்ப்படக் குழியும் வெளியே வந்திராது. ஆனால் இன்று மாதுளையும் மிர்ட்டில் செடியும் நட்டு அழகாக இருக்கிற இந்தத் தோட்டத்தில் நடக்கும்போது, காலடியில் இருப்பது பழைய ஏதென்ஸ் மட்டுமல்ல, பெயர்த்தெடுக்கப்பட்ட புதிய ஏதென்ஸும்தான் என்பதை மறக்கக் கூடாது.

ஈயத் தகட்டில் ஒரு கடிதம்

அப்படித் தோண்டிய மண்ணில், ஒரு கிணற்றுக்குள், சுருட்டிய ஈயத் தகடு ஒன்று கிடைத்தது. சின்னஞ்சிறு தகடு. விரித்துப் பார்த்தால் அதில் எழுத்து. கி.மு. 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த கடிதம். அறிஞர் ஒருவர் அதைப் படித்து 2000-ம் ஆண்டில் வெளியிட்டார்.

எழுதியவன் பெயர் லெசிஸ். ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை செய்த பையன். தன் தாய்க்கும், க்ஸெனோக்லீஸ் என்பவருக்கும் எழுதுகிறான். தான் பட்டறையில் அழிந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம் என்கிறான். எஜமானர்களிடம் வந்து பேசித் தனக்கு வேறு நல்ல இடம் பார்க்கும்படி வேண்டுகிறான். மகா கெட்டவன் ஒருவனிடம் தன்னை ஒப்படைத்திருக்கிறார்கள் என்கிறான். சவுக்கடியில் சாகிறானாம். கட்டிப் போடுகிறார்களாம். மண்ணைவிடக் கேவலமாக நடத்துகிறார்களாம்.

அவன் அடிமையா, அல்லது தொழில் பழக விட்ட பையனா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். விவாதிக்கட்டும். சவுக்கு அந்த வித்தியாசத்தைப் பார்த்து இறங்கவில்லை.

அந்தப் பையன் இருந்த நாளில் குன்றின் மேல் கோயில் கட்டி முடிந்துவிட்டது. பளிங்குத் தூண்கள் புதுசாகப் பளபளத்தன. உள்ளே கொல்லன் தெய்வத்துக்கு வெண்கலத்தில் சிலை; அல்கமெனீஸ் என்ற மகா சிற்பி செய்தது. வெண்கலம் வார்க்கிறவர்களுடைய தெய்வத்துக்குத் தீபமும் பலியும் விழாவும் நடந்தன. அதே நகரத்தில், வெண்கலம் வார்க்கிற பையன் ஒருவன் என்னைக் காப்பாற்றுங்கள் என்று தாய்க்கு எழுதினான்!

நாம் கோயில் படிக்குக் கீழே நின்று இதை நினைத்துப் பார்த்தோம். உள்ளே போக அனுமதி இல்லை, கயிறு கட்டியிருக்கிறார்கள். வெளியே நின்று பார்த்தாலே போதும். அல்கமெனீஸ் செய்த அந்த வெண்கலச் சிலை இன்று இல்லை. தெய்வமும் இல்லை; அதைக் கும்பிட்டவர்களும் இல்லை. ஆனால் கல்தச்சன் இழைத்த தூண் நிற்கிறது. பையன் எழுதிய கடிதம் கிடைத்துவிட்டது.

நாம் கேட்க வேண்டியது

இதையெல்லாம் கேட்டு, அடிமைகளின் இரத்தத்தில் எழுந்த கோயில் நமக்கு எதற்கு என்று யாராவது கேட்கலாம். அது தவறு. இந்தக் கோயில் ஆண்டானின் சொத்து அல்ல. ஆண்டான் பணம் கொடுத்தான். அந்தப் பணமும் அவன் தோண்டிய வெள்ளி அல்ல. கோயில் சிமியாஸின் சொத்து, சன்னியோனின் சொத்து. அதன் அழகு முழுவதும் உழைப்பாளியின் கையிலிருந்து வந்தது. அதைத் தூக்கியெறிவது அவர்களை இரண்டாம் முறை கொள்ளையிடுவதாகும்.

ஏதென்ஸ் மக்களிடம் கற்றுக்கொள்ளவும் உண்டு. பொதுப் பணத்துக்குக் கணக்கைக் கல்லில் வெட்டி ஊர் நடுவில் வைத்தார்களே, அது சின்ன விஷயமல்ல. சிற்பிக்கும் கல்தச்சனுக்கும் ஒரே தினக்கூலி என்றார்களே, அதுவும் சின்ன விஷயமல்ல. பார்த்தினானுக்குக் கல் சுமந்து ஓய்ந்துபோன கிழட்டுக் கோவேறு கழுதை ஒன்றை, ஊர்ச் செலவில் சாகும்வரை தீனி போட்டுக் காப்பாற்றினார்கள் என்றும் ஒரு செய்தி உண்டு. நல்ல காரியம். அந்தக் கழுதைக்குக் கிடைத்த ஓய்வுச் சோறு லாரியான் சுரங்கத்து மனிதனுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றைக்கும் இந்தக் கற்கள் தாமாகத் தம்மைக் காத்துக்கொள்வதில்லை. காவல் காக்கவும், கூட்டிப் பெருக்கவும், பழுது பார்க்கவும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் கிரேக்க தேசத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தியது. அக்ரோபோலிஸ் முதலான புராதன இடங்களின் காவல் ஊழியர் சங்கம், நாள்தோறும் நான்கு மணிநேரம் வேலையை நிறுத்துவதாக அறிவித்தது. சுடுபாறை மேல் நின்று மயங்கி விழ நாங்கள் தயாரில்லை என்பதே அதன் பொருள். 2,400 ஆண்டுக்கு முன் லெசிஸ் தனியாக எழுதினான். இவர்கள் சேர்ந்து நின்று பேசினார்கள். இடையில் நடந்த சரித்திரம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

ஆகவே, எந்த ஊரில் எந்தப் பழைய கட்டடத்தின் முன் நின்றாலும், தெய்வத்தின் பெயரையும் அரசனின் பெயரையும் கேட்டவுடன் திரும்பி வந்துவிட வேண்டாம். கல் எந்த மலையிலிருந்து வந்தது, யார் இழுத்தார்கள், நாளைக்கு என்ன கூலி, அந்தக் கூலி யார் மடிக்குப் போயிற்று என்று கேட்போம். பதில் கோபுர உச்சியில் கிடைக்காவிட்டால், கிணற்றடியில் கிடைக்கும்.

தொழிலைத் தெய்வமாக்கிக் கும்பிடுவது எளிது. அதற்குப் பளிங்கு போதும். தொழிலாளியை மனிதனாக மதிப்பதுதான் கடினம். ஏதென்ஸ் நகரம் முதலாவதைச் செய்து முடித்தது. அது இன்றும் குன்றின் மேல் நிற்கிறது. இரண்டாவது வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.